கறியும் சோறும் போதாது: நாய்க்கு வீட்டில் சமைக்கும் முன்

காட்பாடியில் எங்கள் வீட்டில் இப்போது இருப்பவள் செம்பி. நாட்டு நாய், வயது ஐந்து, எடை 14 கிலோ. அவளுக்கு நானே சமைத்துப் போடுகிறேன். ஆனாலும் யாராவது வந்து, "டீச்சர், நாங்களும் வீட்டிலேயே சமைத்துப் போடலாமா?" என்று கேட்டால், செம்பியைக் காட்டுவதற்கு முன்னால் ராஜாவைப் பற்றித்தான் சொல்வேன்.

ராஜா இரண்டு மாதக் குட்டியாக வந்தான். பாக்கெட் தீவனத்தில் எதைக் கலக்கிறார்களோ என்ற பயத்தில் கோழிக்கறியையும் சோற்றையும் பிசைந்து மூன்று வேளையும் ஊட்டினேன். தட்டை நக்கித் துடைப்பான். ஐந்தாம் மாதம் முன்னங்கால்கள் வளைந்தன. மாடிப்படி ஏற மறுத்தான், தூக்கினால் வலியில் கத்தினான். கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது எலும்புகள் மங்கலாக, மெழுகு போலத் தெரிந்தன.

காரணம் எளிது. 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். கால்சியமோ 15 மில்லிகிராமைத் தாண்டுவதே அரிது. நாயின் உடம்புக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காததை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்கிறது. அளவான குட்டித் தீவனத்துக்கு மாற்றியதும் ராஜா பிழைத்துக்கொண்டான். கால்கள் மட்டும் கடைசிவரை நேராகவில்லை.

ஆகவே ஒரு வயது ஆகாத குட்டிக்கு நீங்களாகவே சமைக்காதீர்கள். குட்டிகளுக்கான முழுமையான உணவு என்று அச்சிட்ட பாக்கெட்டே நல்லது. கால்சியம் மாத்திரையைச் சேர்த்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிகுந்தாலும் எலும்பு கெடும். அந்தக் கணக்கு சமையலறையில் போடக்கூடியதல்ல.

வளர்ந்த நாய் என்றால் சமைக்கலாம். ஆனால் நாம் தின்று மிஞ்சியதை வைப்பது வேறு, நாய்க்கென்று சமைப்பது வேறு. சாம்பாரில் வெங்காயம் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் கெடுதல் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி வாங்கினால் எங்கள் தெருவில் பாதி வீட்டு நாய்களுக்கு எலும்பும் அடிச்சோறும் போகும். அதில் வெங்காயம், மசாலா, கொழுப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும். அன்போடுதான் போடுகிறார்கள், அதனாலேயே எனக்கு மனம் பதைக்கிறது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் கூடவே கூடாது. கேசரியில் கிடக்கும் திராட்சையையும் மறக்காதீர்கள்.

எதிர்வீட்டு அம்மா, "கேழ்வரகுக் களி போடுங்கள், அதில் இல்லாத கால்சியமா?" என்பார். நம் ஊர்க் களி நல்ல உணவுதான். செம்பிக்குச் சில நாள் சோற்றுக்குப் பதிலாக அதைத் தருகிறேன். 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஆனால் செம்பிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 1000 மில்லிகிராம். அதற்கு ஏறத்தாழ 300 கிராம் மாவு கிண்ட வேண்டும். அவளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரியையே அது தாண்டிவிடும். போதாததற்குத் தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தை முழுதாக உடம்பில் சேர விடாது.

நான் செய்யும் முறை இது. 14 கிலோ எடையுள்ள, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 800 கலோரி. அதற்கு வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி 200 கிராம், சோறு 250 கிராம், அவித்த முட்டை ஒன்று, குழைய வெந்த கேரட்டும் மஞ்சள் பூசணியும் 100 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. உப்பு, மிளகாய், தாளிப்பு எதுவும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் சிறு துண்டு ஈரல்; ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி என்பதால் அதற்கு மேல் வேண்டாம். குத்துமதிப்பாக அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

கால்சியத்துக்கு முட்டை ஓடு. கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். விரலில் தேய்த்தால் நெருடக் கூடாது. செம்பிக்கு ஒரு நாளைக்கு அரைத் தேக்கரண்டி. இவ்வளவு செய்தும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை குறையவே செய்யும். நாய்க்கு வெயிலிலிருந்து வைட்டமின் டி போதிய அளவு கிடைப்பதில்லை. வேலூர் வெயிலாக இருந்தாலும் அப்படித்தான். இந்தச் சமையல் குறிப்பை மருத்துவரிடம் காட்டி, எந்தச் சத்து மருந்து எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகே தொடங்குங்கள். பழைய தீவனத்தோடு கலந்து, ஏழு முதல் பத்து நாட்களில் மெல்ல மாற்றுங்கள்.

இத்தனை பாடு எதற்கு என்றால், என் கண்ணில் பெரிய நன்மை தண்ணீர். உலர்தீவனத்தில் ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான். வேகவைத்த சோற்றிலும் கறியிலும் அதைப்போல் ஆறேழு மடங்கு. கத்திரி வெயிலில் தண்ணீர்க் கிண்ணத்தைச் செம்பி திரும்பிக்கூடப் பார்க்காத நாட்களில் சாப்பாட்டோடு தண்ணீரும் உள்ளே போய்விடுகிறது. பல் தேய்ந்த கிழ நாய்க்கும் மென்மையான உணவு இதம். எது சேரவில்லை என்பதும் சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் போட்டது என்ன என்று நமக்கே தெரியும்.

அதே வெயில்தான் பெரிய தொல்லையும். மே மாதத்தில் இந்தச் சோறு ஒரு மணி நேரம் வெளியில் இருந்தால் எனக்கு நம்பிக்கை போய்விடும். அரைமணியில் தின்னாவிட்டால் தட்டை எடுத்துவிடுகிறேன். இரண்டு நாளுக்கானதைச் சமைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன், மூன்றாம் நாளுக்கு நீட்டுவதில்லை. காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு திரும்புகிறவர்கள், நாயைப் பக்கத்து வீட்டுப் பொறுப்பில் விட்டு அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் நல்ல பாக்கெட் தீவனத்தோடு இருப்பதே மேல். அதற்காக அவர்களுக்குப் பாசம் குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ள நாய், சினையாக இருக்கும் நாய் என்றால் மேலே சொன்ன அளவுகள் எதுவும் பொருந்தாது.

தொடங்கியபின் மாதம் ஒருமுறை எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும். விலாவில் கை வைத்தால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. சென்ற பொங்கலுக்குப் பிறகு செம்பி 15 கிலோவைத் தொட்டாள். சோற்றில் 50 கிராம் குறைத்தேன். பங்குனிக்குள் பழைய எடைக்கு வந்துவிட்டாள்.