கீமோ நேரத்துல எங்க மணிய சாப்பிட வச்ச விதம் - என் அனுபவம்

மணி 11 வயசு லேப்ரடார், தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் நெல்லிக்காய் சைஸ்ல வீக்கம், ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் பண்ணதுல லிம்ஃபோமாங்கிற ஒரு வகை கேன்சர்னு வந்துச்சு. கீமோ ஆரம்பிச்சதும் தட்ட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான், அதப் பாக்கவே மனசு தாங்கல.

முதல்ல டாக்டர்கிட்ட சொல்லி வாந்திக்கு மாத்திர வாங்குனோம், ஏன்னா குமட்டல் இருக்கும்போது எத வச்சாலும் சாப்பிடாது. அப்புறம் எலும்பில்லாத சிக்கன், பரங்கிக்காய், கொஞ்சமா குழைஞ்ச சாதம், உப்பு வெங்காயம் பூண்டு எதுவும் இல்லாம வேகவச்சு, வெதுவெதுப்பா இருக்கும்போதே அந்தத் தண்ணியோட பிசைஞ்சு கையில வச்சு நீட்டுனேன், சூட்டுல வாசன தூக்கலா வரும்ல, மெதுவா நக்க ஆரம்பிச்சு அப்புறம் முழுசா தின்னான். ரெண்டு வேள சாப்பாட்ட நாலா பிரிச்சுட்டேன்.

சாதத்த அடியோட நிறுத்து, வேகவைக்காத பச்ச இறைச்சி போடுன்னு நிறைய பேர் சொல்வாங்க. கீமோல எதிர்ப்பு சக்தி குறையும், பச்ச இறைச்சி வேண்டவே வேண்டாம்.

பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திர குடுத்தா நாய் தண்ணி நிறைய குடிக்கும், அடிக்கடி ஒண்ணுக்குப் போகும், தண்ணிய மட்டும் கொறச்சிடாதீங்க, ராத்திரி எழுந்து வெளிய கூட்டிட்டுப் போங்க. கீமோ போட்ட அடுத்த சில நாள் அந்த ஒண்ணுக்குலயும் மருந்து இருக்கும், கையுறை போட்டுத்தான் தொடைக்கணும். வலிக்குதேன்னு நாம சாப்பிடுற வலி மாத்திரய தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க, அதுவே உயிருக்கு ஆபத்து. இப்ப வாராவாரம் எட பாக்குறோம், கொறஞ்சா உடனே டாக்டருக்கு போன்.