ஷோகன் ஷோடவுன்: அடிக்கும் முன் எண்ணுங்கள்

நீங்கள் அசைந்தால்தான் எதிரியும் அசைவான். இது மனதில் பதிந்தாலே 'ஷோகன் ஷோடவுன்' பாதி கைவந்துவிடும். 2024-ல் முழுமையாக வெளிவந்த இண்டி வீடியோ கேம் இது. ஒரே வரிசைக் கட்டங்கள்தான் களம். ஓரடி வைத்தாலும், திரும்பினாலும், பிறகு அடிப்பதற்காக ஒரு தாக்குதலை வரிசையில் ஏற்றினாலும் உங்கள் முறை ஒன்று கழிந்துவிடும். மூன்று தாக்குதல் வரை ஏற்றலாம்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றையும் நிரப்பிவிட்டுத்தான் அடிப்பேன் என்று பிடிவாதமாக நின்றான். அதற்குள் முன்னும் பின்னும் ஆள் வந்து நெருக்கிவிட்டார்கள்.

“மாமா, இப்ப என்ன பண்றது?”

“எதிரி தலைக்கு மேல பாருடா.”

அடுத்து அவன் என்ன செய்யப்போகிறான் என்பது அங்கேயே தெரியும். பின்னால் நின்றவன் வெட்டத் தயார். அவன் ஆடிய வீரன் வாண்டரர்; அவனுக்கு எதிரில் நிற்பவனோடு இடம் மாறும் வித்தை உண்டு. மாறினான். பின்னாலிருந்து வந்த வெட்டு கூட்டாளி மேலேயே இறங்கியது. பையன் துள்ளிவிட்டான். ஆனால் அந்த வித்தை உடனே திரும்பக் கிடைக்காது, அதனால் நெருக்கடிக்கென்று வைத்திருங்கள்.

அப்புறம், ஆயுதத்தை மேம்படுத்தும் வாய்ப்பு வந்தால் முதலில் அது மறுபடி கிடைப்பதற்கான காத்திருப்பு நேரத்தைக் குறையுங்கள். அடியின் பலத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.