உருளையின் ஆரமும் உயரமும் மாறும்போது: கன அளவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உருளையின் கன அளவு πr²h. இதில் உயரம் ஒருமுறை பெருக்கப்படுகிறது, ஆரம் இருமுறை. சூத்திரத்தைத் தூக்கத்தில்கூடச் சொல்பவர்கள், அளவை மாற்றச் சொன்னதும் அந்த இரண்டாவது முறையை மறந்துவிடுகிறார்கள்.

அதிகம் சறுக்குவது சதவீதத்தில்தான். ஆரத்தை 10% கூட்டினால் கன அளவு 10% கூடாது, 20%உம் கூடாது. 1.1 × 1.1 = 1.21, ஆகவே 21% கூடும். ஆரம் 10% கூடி உயரம் 10% குறைந்தால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று எழுதுவது அடுத்த தவறு. 1.21 × 0.9 = 1.089; கன அளவு 8.9% கூடுகிறது. மாற்றிப்போட்டு ஆரத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டினால் 0.81 × 1.1 = 0.891, அதாவது 10.9% குறைகிறது. எனவே சதவீதங்களைக் கூட்டிக் கழிக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் 1.1, 0.9 என்று மடங்காக எழுதி, ஆரத்தின் மடங்கை மட்டும் வர்க்கப்படுத்தி, பிறகு பெருக்குங்கள்.

கேள்வி தலைகீழாக வந்தாலும் இதே வழிதான். கன அளவை இரட்டிப்பாக்க ஆரத்தை 2 மடங்காக்க வேண்டாம். √2 மடங்கு, அதாவது ஏறத்தாழ 41.4% கூட்டினால் போதும். ஆரத்தை இரட்டித்தும் கன அளவு மாறக்கூடாது என்றால் உயரம் பாதியாகக் குறைந்தால் போதாது, கால் பங்காக வேண்டும்.

இதையெல்லாம் கற்றவர்கள் எதிர்ப்பக்கம் போய் விழுவதும் உண்டு: "ஆரத்தைக் கூட்டினால்தான் எப்போதும் அதிகம் கூடும்" என்பார்கள். மடங்கு கணக்கில் அது சரி, சென்டிமீட்டர் கணக்கில் சரியென்று சொல்ல முடியாது. ஆரத்தில் 1 செ.மீ. கூட்டினால் கூடுவது π(2r+1)h. உயரத்தில் 1 செ.மீ. கூட்டினால் கூடுவது πr². ஆரம் 7, உயரம் 10 எனில் முன்னது 150π, பின்னது 49π. ஆரம் 21, உயரம் 5 என்ற தட்டையான உருளையிலோ 215π, 441π. அங்கே உயரமே வெல்கிறது.

விட்டத்தை ஆரமாகப் போட்டால் விடை 4 மடங்காகிவிடும் என்பது தெரிந்ததே. ஆனால் எத்தனை மடங்கு என்று மட்டும் கேட்டால் விட்டத்தைப் பாதியாக்க வேண்டியதில்லை. விட்டம் 3 மடங்கானால் ஆரமும் 3 மடங்குதான்.

குழாயிலும் தொட்டியிலும் வெளி ஆரத்தைக்கொண்டு கொள்ளளவு கணக்கிடாதீர்கள். வெளி ஆரம் 5 செ.மீ., சுவரின் தடிமன் 0.5 செ.மீ. என்றால் உள் ஆரம் 4.5 செ.மீ.; கொள்ளளவு 19% குறைந்துவிடும். தடிமன் பத்தில் ஒரு பங்குதானே என்று விட்டுவிடக் கூடாது.

படுக்கவைத்த தொட்டியில் நீர்மட்டத்தை வைத்து நேர்விகிதம் போடுவதும் தவறு. பாதி உயரத்துக்கு நீர் நின்றால் பாதிக் கொள்ளளவு என்பது சரி. கால் உயரத்துக்கு நின்றால் உள்ளே இருப்பது 25% அல்ல, சுமார் 19.6%, நீர்ப்பரப்பின் அகலம் மட்டத்துக்கு மட்டம் மாறுவதே காரணம்.