நைட் ஹால்ட்: போக்குவரத்து விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய விமானப்படையில் போக்குவரத்து விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஊர் ஊராகத் தங்குவது வேலையின் பாதி. சூலூரில் கிளம்பி ஆக்ராவில் இறங்கி, சண்டிகரில் ராத்தங்கி, விடிகாலையில் லடாக்கின் லேவுக்குப் போய்த் திரும்புவார்கள். அடுத்த வாரம் தாம்பரம், அங்கிருந்து அந்தமான். ஸ்குவாட்ரனுக்குப் புதிதாக வரும் கோ-பைலட்டுகள் இந்த ராத்தங்கல்களில் செய்யும் பிழைகள், அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் செய்த அதே பிழைகள்தான். சார்ஜரை மறப்பதும் மெஸ் பில் கட்டாமல் கிளம்புவதும் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். எஞ்சின் நின்ற பிறகு எடுக்கும் முடிவுகளில் மறுநாள் பறப்பைக் கெடுப்பவை மட்டும் இங்கே.

## லோடு தெரியாமல் டேங்க்கை நிரப்புவது

மாலை நாலரைக்குச் சண்டிகரில் இறங்கியாயிற்று. சக்கரத்துக்குக் கட்டை வைத்த கையோடு பௌசர், அதாவது எரிபொருள் லாரி, பக்கத்தில் வந்து நிற்கிறது. "எவ்வளவு சார்?" என்கிறார் டிரைவர். மறுநாள் என்ன லோடு என்று இன்னும் தகவல் வரவில்லை. புதியவர் யோசிக்காமல் சொல்கிறார்: "ஃபுல் பண்ணிடுங்க."

காலையில் ஒரு வேலை மிச்சம், டேங்க்கில் ஈரம் கோக்காது, எரிபொருள் கூடுதலாக இருந்தால் பாதுகாப்பு. மூன்று காரணமும் நியாயமாகத்தான் தெரியும். நாக்பூருக்கோ ஆக்ராவுக்கோ போகிற நாளில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. லேவுக்குப் போகிற நாளில் இந்த ஒரு வார்த்தை பாதிப் பயணத்தை வீணாக்கிவிடும்.

லே ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு உரிய நியம வெப்பநிலை மைனஸ் 6 டிகிரி. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி கூட்டிப் பாருங்கள். 25 டிகிரி வெயிலில் விமானம் 14,400 அடியில் நிற்பதுபோல நடந்துகொள்ளும். 30 டிகிரியில் 15,000 அடி. காற்று மெலிந்ததால் எஞ்சினும் புரொபெல்லரும் தரும் உந்துவிசை குறைகிறது. இறக்கை தூக்குவதற்கான இண்டிகேட்டட் வேகம் (கருவி காட்டும் வேகம்) மாறாது. ஆனால் அந்த வேகத்துக்கு விமானம் உண்மையில் கால் பங்கு அதிக வேகத்தில் ஓட வேண்டும். ஓடுபாதை போதாமல் போவது அதனால்தான். 2024 ஜூலைக் கடைசியில் வெயில் காரணமாகவே லேவில் பயணிகள் விமானங்கள் ரத்தாயின.

அங்கே கிழக்குப் பக்கம் மலை எழும்பி நிற்பதால் 07 திசையில் (கிழக்கு நோக்கி) இறங்கி 25 திசையில் (மேற்கு நோக்கி) கிளம்புவதுதான் வழக்கம். மதியம் ஆனால் சிந்து பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து காற்று எழும். இறங்குகிறவருக்கு அது முதுகுக் காற்று. ஆகவே லே வேலை முழுவதும் காலை வேலை.

இனி எரிபொருள். லேவில் இருக்கும் ஒவ்வொரு லிட்டரும் மலைப்பாதையில் டேங்கர் லாரி ஏறி வந்தது. அதைத் தொடாமல் இருக்க, திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சண்டிகரிலேயே ஏற்றிக்கொண்டு போகிறோம். அப்படியானால் நேற்று மாலை கணக்கில்லாமல் ஏற்றிய கூடுதல் எரிபொருள், லேவிலிருந்து கிளம்பும்போதும் டேங்க்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். 2,000 லிட்டர் கூடுதல் என்று வையுங்கள். லிட்டருக்கு 0.79 கிலோ வீதம் 1,580 கிலோ. ஒரு ஜவானையும் அவர் மூட்டையையும் 110 கிலோ என்று கணக்கிட்டால் 14 பேர்.

அந்த 14 பேர் யார்? சியாச்சினிலிருந்தோ வேறு ஏதாவது போஸ்ட்டிலிருந்தோ இறங்கி, லே முகாமில் விமானத்துக்குக் காத்திருக்கும் விடுமுறைக்காரர்கள். குளிர்காலத்தில் மலைக் கணவாய்கள் பனியில் மூடிவிட்டால் அவர்களுக்கு வேறு வழியே கிடையாது. திருநெல்வேலிக்காரர் என்றால் சண்டிகருக்கு வந்த பிறகும் இரண்டு நாள் ரயிலில் உட்கார வேண்டும். விமானத்தில் இருக்கை காலியாகக் கிடக்க, எடைக் கணக்கு இடிக்கிறது என்று லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் லோடு மாஸ்டர் பட்டியலின் கடைசியிலிருந்து பெயர்களை அடிக்கிறார். அவர்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். எத்தனை பேட்ச் வந்தாலும் இந்த ஒரு தவற்றை மட்டும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் வானிலையோ எஞ்சின் கோளாறோ இல்லை. முந்தின நாள் மாலை ஒருவர் பத்து நிமிடம் காகிதத்தில் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

"காலையில் இறக்கிவிடலாமே" என்பார்கள். காலி பௌசர் கிடைக்க வேண்டும், எர்த்திங் கொடுக்க வேண்டும், தீயணைப்பு வண்டி வந்து நிற்க வேண்டும், அது முடியும்வரை லோடு ஏற்றும் வேலையை நிறுத்த வேண்டும். விமானத்திலிருந்து எடுத்த எரிபொருளைச் சோதிக்காமல் நல்ல இருப்போடு கலக்கவும் கூடாது. ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். லேவில் வெயில் ஏறுவதற்கும் ஏறாததற்கும் அந்த ஒரு மணி நேரம்தான் வித்தியாசம்.

செய்ய வேண்டியது இது. மாலையில் இறங்கியதும், மறுநாள் எந்த வேலை வந்தாலும் தேவைப்படும் குறைந்தபட்ச அளவு மட்டும் ஏற்றுங்கள். பிறகு மெட் ஆபீசில் (வானிலை அலுவலகத்தில்) லேவின் வெப்பநிலைக் கணிப்பைக் கேளுங்கள். அங்கே போய் இறங்கும் நேரத்துக்குக் கேட்காதீர்கள். அங்கிருந்து கிளம்பும் நேரத்துக்குக் கேளுங்கள். சிறிது நேர இடைவெளியிலேயே வெப்பம் ஏறிவிடும் இடம் அது. அந்த வெப்பநிலைக்குச் சார்ட்டில் கிளம்பும் எடையின் உச்சவரம்பைப் பாருங்கள். ஓர் எஞ்சின் போனால் பள்ளத்தாக்கில் ஏற முடிகிற எடைதான் உண்மையான வரம்பு. அதிலிருந்து விமானத்தின் சொந்த எடையையும், திரும்பி வருவதற்கும் மாற்றுத் தளத்துக்கும் காத்திருப்புக்குமான எரிபொருளையும் கழித்தால், ஏற்றக்கூடிய லோடு வரும். அதை மாலையிலேயே பயணிகள், சரக்குப் பட்டியல் போடும் மூவ்மென்ட் பிரிவுக்குச் சொல்லிவிட்டால் அவர்கள் பட்டியலை அதற்கேற்பப் போடுவார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. லே தலைக்கு மேல் போய், மேகம் மூடி இறங்க முடியாமல், முழு லோடோடு திரும்பி வரத் தேவைப்படும் எரிபொருள். போய் இறங்கித் திரும்பத் தேவையான எரிபொருள், இது, இரண்டில் எது அதிகமோ அதுதான் ஏற்ற வேண்டிய அளவு. கிலோவை லிட்டராக்கும்போது பௌசர் சீட்டில் எழுதியிருக்கும் அன்றைய அடர்த்தியை எடுங்கள். மிச்சத்தைக் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஏற்றலாம். ஈரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: டேங்க் நிறைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் அடித்தொட்டியில் தண்ணீர் வடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

குறைவாக ஏற்றச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து ஏற்றச் சொல்கிறேன். லோடுக்காக எரிபொருளில் கை வைப்பது இதைவிடப் பெரிய தவறு.

## "லேவில் தங்க மாட்டோம்" என்று வெறுங்கையோடு போவது

எஞ்சினைக் கிளப்பும் ஒரு ஸ்டார்ட்டர் மக்கர் செய்தால் போதும், தங்கியாக வேண்டும். 9,000 அடியிலிருந்து 12,000 அடிக்குள் வரும் சிப்பாய்க்கு ராணுவம் ஆறு நாள் பழக்கக் காலம் கொடுக்கிறது. முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. விமானிக்கு அந்த ஆறு நாள் கிடையாது. தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் போய்ச் சேர்ந்த ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். அதனால் பகலில் "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று கடைவீதியைச் சுற்றியவர்தான் நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

நாள் பயணம் என்றாலும் கனமான மேல்கோட்டு, கம்பளி உள்ளாடை, ஒரு மாற்றுடை விமானத்திலேயே இருக்கட்டும். தங்க நேர்ந்தால் நேராக அறைக்குப் போய்ப் படுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கலாம். மது கூடாது. தூக்க மாத்திரை கூடவே கூடாது. மூச்சு ஏற்கெனவே குறைந்திருக்கும் இடத்தில் அது இன்னும் குறைக்கும். மலை உயரக் கோளாறுக்கான டயமாக்ஸ் மாத்திரையைக்கூட மெடிக்கல் ஆபீசரைக் கேட்காமல் தொடாதீர்கள். காலையில் தலைவலி இருந்தால் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

மற்ற மாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு ஒன்று குழுவில் யாரிடமாவது இருக்க வேண்டும்.

## விமானத்தை விட்டு அவசரமாக நகர்வது

மெஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது என்று கவர்களைப் பார்க்காமல் போகிறவர்கள் உண்டு. சூலூர், தாம்பரம் போன்ற வெக்கையான தளங்களில் வேகத்தை அளக்கக் காற்றை வாங்கும் பிட்டாட் குழாயை ஓர் இரவு மூடாமல் விட்டால் போதும், குளவி மண் வைத்து அடைத்துவிடும். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் 189 பேர் இறந்த பிர்ஜென்ஏர் விபத்தில், நாள்கணக்கில் மூடாமல் நின்ற விமானத்தின் பிட்டாட் குழாயைப் பூச்சி அடைத்திருக்கலாம் என்பதே விசாரணையில் எழுந்த சந்தேகம். அதே ஆண்டு அக்டோபரில் பெருவில், உயரத்தையும் வேகத்தையும் அளக்க வெளிக்காற்றின் அழுத்தத்தை வாங்கும் ஸ்டாட்டிக் துளைகள் மீது ஒட்டிய டேப்பைப் பிரிக்காமல் கிளம்பிய விமானத்தில் 70 பேர் போனார்கள். போட்ட கவர் எத்தனை, பின் எத்தனை என்று எண்ணி எழுதிவையுங்கள். காலையில் அதே எண்ணிக்கை கைக்கு வர வேண்டும்.

பார்க்கிங் பிரேக்கை நம்பி ராத்திரி விடாதீர்கள். ஹைட்ராலிக் அழுத்தம் மெல்ல இறங்கிவிடும். விமானத்தைப் பிடித்து நிறுத்துவது கட்டைதான். லேவில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே உண்மை வேகம் அதிகம் என்பதால் பிரேக் விழுங்கும் சூடு கடல் மட்டத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சூடான பிரேக்கை இறுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கட்டை வைத்து, பிரேக்கை விடுவித்து, ஆறவிடுங்கள்.

டயர் அழுத்தம் மூன்று டிகிரிக்கு ஒரு சதவீதம் குறையும். சண்டிகரில் 20 டிகிரியில் சரிபார்த்த டயர் லேவின் மைனஸ் 15இல் சுமார் 12 சதவீதம் இறங்கியிருக்கும். அங்கே தங்கினால் பேட்டரியைக் கழற்றிச் சூடான அறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

## ஏழு மணிக்குத் தூக்கம் வந்துவிடும் என்று நம்புவது

ஆறு மணிக்குப் பறப்பு என்றால் நாலுக்கு ஆஜராக வேண்டும், மூன்றுக்கு எழ வேண்டும். எட்டு மணி நேரம் தூங்க ஏழுக்கே படுக்க வேண்டும். ஆனால் உடம்பு மிகவும் விழிப்பாக இருக்கும் நேரங்களில் மாலை ஏழும் ஒன்று. புரண்டு படுத்து எரிச்சல்தான் மிஞ்சும். ஏழுக்குச் சாப்பிட்டு, எட்டரைக்கு விளக்கை அணைத்து, ஆறரை மணி நேரம் உறுதியாகத் தூங்குங்கள். மிச்சத்தைத் திரும்பி வந்து பகலில் தூங்கலாம். காபியை மதியம் இரண்டு மணியோடு நிறுத்துங்கள். எழுந்த முதல் அரை மணி நேரத்தில் எடைக் கணக்கைத் தொடாதீர்கள், மூளை இன்னும் முழுதாக எழுந்திருக்காது.

மது: இந்தியாவில் சிவில் விதியே பறப்புக்கு முன் 12 மணி நேரம். ஆறு மணிப் பறப்புக்கு முந்தின மாலை ஆறு மணியோடு கதவு மூடியாயிற்று.

## கடல் தாண்டும் சாமான்களைக் காலையில் பார்ப்பது

தாம்பரத்திலிருந்து அந்தமான் வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர்தான். 2016 ஜூலை 22 அன்று இதே வழியில் ஒரு ஏஎன்-32 விமானம் 29 பேரோடு காணாமல் போனது. சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்ததை 2024 ஜனவரியில் உறுதிசெய்தார்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், படகு, இருக்கும் இடத்தைச் சிக்னலில் சொல்லும் பீக்கன் எல்லாவற்றின் காலாவதித் தேதியையும் மாலையிலேயே பாருங்கள். ஸ்டோர் அப்போதுதான் திறந்திருக்கும். விடிகாலையில் ஒன்று குறைகிறது என்று தெரிந்தால் கேட்டு வாங்க ஆள் இருக்காது.

## அந்தமானில் ஸ்கூபா

பறப்புக்கு முன் 24 மணி நேரத்துக்குள் கூடாது.

## படம் எடுத்துப் போடுவது

வேண்டாம். ஓடும் தூரத்தை அளக்கும் செயலியையும் அணைத்துவிடுங்கள். அப்படி ஒரு செயலியின் வரைபடமே பல நாட்டு ராணுவத் தளங்களின் உள்பாதைகளைக் காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது.