கோயிலுக்கு உடுத்திப் போவதில் நாம் செய்யும் தவறுகள்

நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில், கோயிலுக்கு (சர்ச்சுக்கு) உடுத்தும் உடையைப் பற்றிப் பேச்செடுத்தால், உடனே அது பெண்பிள்ளைகளின் ஜீன்ஸில் போய் நிற்கும். நான் அங்கே தொடங்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. நல்ல துணி இல்லையே என்று ஒருவர் கோயிலுக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிடுவது. அவர் அப்படி நினைக்கிற மாதிரி நாம் நடந்துகொள்வது அதைவிடத் தவறு.

கிறிஸ்துமஸ் சமயத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிறவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருப்பார்கள். அதிகாலை ஆராதனையில் எங்கு திரும்பினாலும் பட்டும் புதுத்துணியுமாக இருக்கும். பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிற அக்கா, பிள்ளைகளுக்கு மட்டும் எப்படியோ துணி எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, தான் வரமாட்டார். கேட்டால் "உடம்புக்குச் சரியில்ல" என்பார். இன்னும் சிலர் வட்டிக்கு வாங்கித் துணி எடுத்துவிட்டு, பண்டிகை முடிந்து பல மாதம் கடன் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பொன்மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல இடம் கொடுத்து, கந்தை உடுத்தி வருகிறவனை நிற்கவோ தரையில் உட்காரவோ சொல்வதை வேதத்தில் யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் கண்டிக்கிறது. நாம் யாரையும் வாயால் நிற்கச் சொல்வதில்லை. ஆனால் "என்ன, போன வருஷச் சேலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறோம். அது போதும், அடுத்த பண்டிகைக்கு அவர் வரமாட்டார். துவைத்துத் தேய்த்த பழைய சேலை கோயிலுக்குத் தாராளமாகப் போதும். வசதி உள்ளவர்கள் பண்டிகைக்கு முன்னாலேயே இன்னொரு வீட்டுக்கும் சேர்த்து எடுங்கள். ஆனால் ஆராதனை முடிவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது, வாசலில் வைத்துத் திட்டுவது. கல்லூரி விடுமுறைக்கு வந்த பிள்ளை குர்த்தியும் ஜீன்ஸுமாக வருகிறாள், துப்பட்டா இல்லை. பெரியவர் ஒருவர் நாலு பேர் முன்னால் "இது கோயிலா சினிமா தியேட்டரா?" என்று கேட்கிறார். அவள் முகம் சுருங்கி உள்ளே போய்க் கடைசியில் உட்காருகிறாள். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் கோயிலைத் தவிர்க்க ஆரம்பித்தால் அந்தப் பழி யாருடையது?

உடையை வைத்து ஒருவரை அவமானப்படுத்துவது என்றால் என்ன என்று நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கே தென் திருவிதாங்கூரில் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பக்கம்), கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போட்டதற்காகத் தெருவில் வைத்துத் துணி கிழிக்கப்பட்டார்கள். ஜெபவீடுகள் எரிக்கப்பட்டன. 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு எல்லா நாடார் பெண்களுக்கும் மார்பை மறைத்து உடுத்த அனுமதி தந்தது. அப்போதுகூட, மேல்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் தந்தது. நம்மில் பலருக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் உண்டு. அந்தப் பாட்டிகளின் வழியில் வந்த நாம், ஒரு பெண்ணின் உடையைக் காட்டி அவளைக் கூனிக்குறுக வைக்கக்கூடாது.

அப்படியானால் யாரும் எதுவும் சொல்லவே கூடாதா? சொல்லலாம். ஐயரம்மாவோ (போதகரின் மனைவி), அந்தப் பிள்ளைக்குப் பிடித்த ஒரு சித்தியோ, வேறொரு நாளில் தனியாகச் சொன்னால் கேட்டுக்கொள்வாள். 1 தீமோத்தேயு 2:9-ஐ எடுத்துக் காட்டுகிறவர்கள் அதை முழுசாக வாசிக்க வேண்டும். நாணத்தைச் சொல்லும் அதே வசனம் பொன்னும் முத்தும் விலையுயர்ந்த துணியும் கூட வேண்டாம் என்கிறது. ஜீன்ஸ் போட்ட பிள்ளைக்கு அந்த வசனம் பொருந்தும் என்றால், கழுத்து நிறைய நகை போட்டு முன்வரிசையில் இருக்கிறவர்களுக்கும் பொருந்தும்.

இனி நடைமுறைக்கு உதவும் சில விஷயம். திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பெறும் சடங்கு) எடுக்க முழங்கால் போடும்போதுதான் உடையின் குறை தெரியும். இடது உள்ளங்கைமேல் வலது கையை வைத்து அப்பத்தை வாங்க வேண்டும், பிறகு பாத்திரம் வரும். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது சரியாக முக்காடு நழுவும். ஜார்ஜெட், ஷிஃபான் எல்லாம் தலையில் நிற்காது. பருத்திச் சேலை முந்தானை நிற்கும். இல்லையென்றால் கிளம்பும்போதே ஒரு ஹேர்பின் குத்திக்கொள்ளுங்கள். கழுத்து இறங்கிய ஜாக்கெட்டும் குனியும்போதுதான் தொந்தரவு தரும். வீட்டிலேயே கண்ணாடி முன் ஒருமுறை முழங்கால் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆண்களுக்கு யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். இடுப்புக்குக் கீழே இறங்கிய பேன்ட்டும் குட்டைச் சட்டையும் போட்டு முழங்கால் போட்டால், பின்னால் இருக்கிறவர் ஜெபத்தில் கண்ணை மூடித்தான் ஆக வேண்டும். மெல்லிய வெள்ளை வேட்டிக்கு உள்ளே பூப்போட்ட டிரவுசர் வேண்டாம். மடித்துக் கட்டிய வேட்டியைக் காம்பவுண்டுக்குள் நுழையும்போதே இறக்கிவிடுங்கள். டி-சர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துப் போடுங்கள்.

திடப்படுத்தலுக்கு (பேராயர் கை வைத்து ஜெபித்துச் சபையில் உறுதிப்படுத்தும் சடங்கு) எடுக்கும் வெள்ளைச் சேலை கடை வெளிச்சத்தில் ஒரு மாதிரியும் வெயிலில் ஒரு மாதிரியும் தெரியும். வாங்கும்போதே கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்துவிடுங்கள். பேராயர் தலைமேல் கை வைத்து ஜெபிப்பார் என்பதால் கொண்டையில் கிளிப்பும் பூவும் குவிய வேண்டாம். மே மாதக் கல்யாணத்தில், பாளையங்கோட்டை வெயிலில், மாப்பிள்ளைக்குக் கோட்டு தேவையா என்பதை இரு வீட்டாரும் யோசிக்கலாம். பட்டு வேட்டி சட்டையோடும் பீடத்தின் முன் நிற்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

வேறு சபைக்குப் போகும்போது அங்குள்ள வழக்கத்துக்கு இணங்கிப் போங்கள். வெள்ளை உடுத்தி நகை போடாமல் வரும் பெந்தெகொஸ்தே சபையில் கல்யாணத்துக்குப் போனால், நகையைக் குறைத்துக்கொள்வதால் நமக்கு ஒன்றும் குறையாது. வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். கடற்கரையில் இருக்கிற உவரி, மணப்பாடு கத்தோலிக்கக் கோயில்களுக்குப் போகிறவர்கள் கடலில் குளித்த ஈரத்தோடும் அரைக்கால் டிரவுசரோடும் அப்படியே கோயிலுக்குள் ஏறிவிடுகிறார்கள். உள்ளே பூசை நடந்துகொண்டிருக்கும், ஊர்க்காரர்கள் ஜெபத்தில் இருப்பார்கள். பையில் ஒரு மாற்றுத்துணி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிவிட்டு உள்ளே போங்கள்.