ஒளியிலிருந்து அம்மோனியா: எலக்ட்ரான் கணக்கில் நேரும் தவறுகள்

இரும்பு கலந்த டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பட்டால் நைட்ரஜன் அம்மோனியாவாகிறது என்று ஷ்ராசர், குத் என்ற ஆய்வாளர்கள் 1977-ல் அறிவித்தார்கள். அதன் பிறகு இப்படி வினையைத் தூண்டும் ஊக்கிகள் எத்தனையோ வந்துவிட்டன, ஆனால் விளைச்சல் இன்னும் சொற்பமே. ஊக்கி ஒளியை நன்றாக உறிஞ்சினால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஒளியால் கிளம்பும் எலக்ட்ரான்களில் பெரும்பகுதி, தான் விட்டுவந்த துளையோடு (எலக்ட்ரான் போனதால் உண்டான நேர்மின் இடம்) மறுபடி இணைந்து வெப்பமாகவோ ஒளியாகவோ வீணாகிறது. மேற்பரப்பை எட்டி, அங்கே நைட்ரஜனுக்காகக் காத்திருக்கும் எலக்ட்ரான்தான் கணக்கில் சேரும்.

அடுத்தது, மொத்த வினையின் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து நம்பிவிடுவது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறு அம்மோனியாவாக வேண்டிய ஆறு எலக்ட்ரான்களையும் சேர்த்துப் பார்த்தால், ஹைட்ரஜன் வெளிவரும் மின்னழுத்தத்துக்குப் பக்கத்திலேயே இந்த வினையும் இருக்கிறது, எளிதாகத் தெரியும். ஆனால் தனியாக நிற்கும் நைட்ரஜன் மூலக்கூறுக்கு முதல் எலக்ட்ரானைக் கொடுக்க சுமார் −4 வோல்ட் வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடின் கடத்து பட்டையில் (ஒளியால் கிளம்பிய எலக்ட்ரான்கள் சென்றடையும் ஆற்றல் நிலைகள்) உள்ள எலக்ட்ரானுக்கு அவ்வளவு வலு கிடையாது. ஆகவே மூலக்கூறு மேற்பரப்பில் ஒட்டியாக வேண்டும். ஆக்சிஜன் அணு விடுபட்ட காலியிடங்கள் இங்கே கைகொடுக்கின்றன: அங்கே சிக்கிய எலக்ட்ரான்கள் நைட்ரஜனின் பிணைப்பெதிர் ஆர்பிட்டலுக்குள் (எலக்ட்ரான் புகுந்தால் பிணைப்பை வலுவிழக்கச் செய்யும் இடம்) இறங்கி, இரு நைட்ரஜன் அணுக்களைக் கட்டியிருக்கும் முப்பிணைப்பைத் தளர்த்துகின்றன. பிஸ்மத் ஆக்சிபுரோமைடு மென்தகடுகளில் 2015-ல் இது காட்டப்பட்டது. சரி, அப்படியானால் காலியிடங்களைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. படிகத்தின் உள்ளே இருக்கும் காலியிடங்கள் எலக்ட்ரானும் துளையும் மறுபடி இணையும் இடங்களாகிவிடும்.

துளைகளை மறப்பதும் வழக்கமான தவறு. அவற்றைத் தண்ணீர் வேகமாக வாங்கிக்கொள்ளாவிட்டால், அந்தத் துளைகள் உருவான அம்மோனியாவையே நைட்ரேட்டாக ஆக்சிஜனேற்றிவிடும். துளைகளை வாங்கிக்கொள்ள மெத்தனால் சேர்த்தால் விளைச்சல் கூடலாம், ஆனால் அது வெறும் தண்ணீரில் கிடைத்த விளைச்சல் ஆகாது. அப்புறம், மெத்தனாலிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு, அம்மோனியாவை நிறத்தால் அளக்க உதவும் நெஸ்லர் கரைசலின் நிறத்தைக் குழப்பிவிடும்.

என் கணிப்பில் மிகவும் ஏமாற்றுவது அளவீடுதான். காற்றிலும் கையுறையிலும் அம்மோனியா இருக்கிறது. கிராஃபைட் வகைக் கார்பன் நைட்ரைடு போன்ற ஊக்கியிலேயே நைட்ரஜன் இருக்கிறது. நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானிலும், இருட்டிலும், ஊக்கி இல்லாமலும் சோதிக்காத எண்ணை நம்ப முடியாது. அம்மோனியா நைட்ரஜன் வாயுவிலிருந்துதான் வந்தது என்று நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) வாயுவை வைத்து உறுதிசெய்யும்போதும் கவனம் தேவை. அந்த வாயுவிலேயே அம்மோனியா மாசு இருக்கக்கூடும் என்பதால், அதைச் சுத்திகரித்த பிறகே உள்ளே விட வேண்டும்.