லண்டன் – டோக்கியோ எவ்வளவு தூரம்? நீங்களே கணக்குப் போடலாம்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லும் தளங்கள் நிறைய உண்டு. தூரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், நேரம்தான் உதைக்கும். ஏன் என்று புரிய, ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

படி 1: எந்த விமான நிலையம் என்று முடிவு செய்யுங்கள். லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக் என்று பல. டோக்கியோவுக்கு ஹனேடா, நரிடா. நாம் ஹீத்ரோவையும் ஹனேடாவையும் எடுத்துக்கொள்வோம்.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹீத்ரோ 51.47, -0.45. ஹனேடா 35.55, 139.78. மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போட மறக்காதீர்கள். நியூயார்க்கின் -73.78-இல் நான் ஒருமுறை அதை விட்டுவிட்டேன். ஊர் கிர்கிஸ்தானுக்குப் போய்விட்டது!

படி 3: இனி சூத்திரம்.

காஸ்(கோணம்) = சைன்(அட்ச1) × சைன்(அட்ச2) + காஸ்(அட்ச1) × காஸ்(அட்ச2) × காஸ்(தீர்க்கரேகை வித்தியாசம்)

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் வித்தியாசம் 140.23. விடை 0.0653 வரும். ஷிஃப்ட் அழுத்தி காஸ் போட்டால் சுமார் 86.26 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி ஏறக்குறைய 111.2 கி.மீ. பெருக்கினால் சுமார் 9,590 கி.மீ.

நம்பிக்கை வரவில்லையா? உருண்டைப் பூகோளத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். தட்டையான வரைபடத்தில் மத்திய ஆசியா வழியாகத் தெரிந்த நேர்க்கோடு, இங்கே ஸ்காண்டிநேவியாவைத் தாண்டி ரஷ்யாவின் வடகோடிவரை ஏறி இறங்கும். குறுக்கு வழி அதுதான்.

படி 4: நேரம். பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்தால் 10 மணி 40 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி கூட்டினால் 11 மணி சொச்சம்.

ஆனால் இன்றைய கால அட்டவணையில் இந்த வழிக்கு 14 மணி நேரம் போல வரும். பிரிட்டிஷ், ஜப்பானிய விமான நிறுவனங்கள் 2022 முதல் ரஷ்ய வான்வெளியில் பறப்பதில்லை; சுற்றித்தான் போகின்றன. நூல் காட்டிய குறுக்கு வழி அடைபட்டுவிட்டது. போதாததற்குக் காற்று வேறு. உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால், கிழக்கே போகும் விமானத்தைத் தள்ளிவிடும், மேற்கே வருவதை இழுத்துப் பிடிக்கும். அதனால் தூரத்துக்குச் சூத்திரம், நேரத்துக்குக் கால அட்டவணை என்பது என் வழக்கம்.

படி 5: கடிகாரம். ஜனவரியில் டோக்கியோ லண்டனைவிட 9 மணி நேரம் முன்னால். காலை 11 மணிக்குக் கிளம்பி 14 மணி நேரம் பறந்தால் லண்டன் கணக்கில் நள்ளிரவு 1 மணி. அதோடு 9 கூட்டுங்கள்: டோக்கியோவில் மறுநாள் காலை 10. கோடையில் லண்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடுவார்கள், அப்போது 8 மட்டும் கூட்டினால் போதும்.